மரத்துக்காகப் பேசிய ஆள்

நிலா, போன வாரம் பேருந்து நிலையத்தில் நுங்கு வாங்க நின்றபோது ஒருவர் என் தோளைத் தட்டினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் மடித்த குடை. "இன்னா தறிக்காரரே, வீட்ல தறி இன்னும் ஓடுதா?" என்று சிரித்தார். "ஓடுது" என்று மட்டும் சொன்னேன். நுங்கையும் வாங்காமல் உன்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நீ கேட்டுக்கொண்டே வந்தாய். "யாருப்பா அது? அவரு சிரிச்சாரு, நீ ஏன் சிரிக்கல?"

தெரிந்தவர் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய் இல்லை. ஆனால் அது போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கதிரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

அவர் பெயரை எழுதமாட்டேன். பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவர் ஒன்றும் செய்துவிடவில்லை. 'அந்த ஆள்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். உங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பசங்க படிக்கிறது. அவருன்னு எழுதுங்க" என்றாள். சரி, அவர் என்றே எழுதுகிறேன். தலைப்பை மட்டும் மாற்றமாட்டேன்.

அவர் குழந்தைகளுக்கான கட்டில், மேசை, அலமாரி விற்கும் கடை வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ச்சி, பசை வாசனை. வாசலில் ஒரு பொம்மைக் குதிரை இருக்கும். குழந்தைகளை அதில் ஏறவிடமாட்டார்கள். உள்ளே ஒரு கண்ணாடி மேசை, அதன்மேல் மிட்டாய்க் கிண்ணம். அவர் எப்போதும் ஒரு மஞ்சள் துணியால் அந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அழுக்கே இல்லாத மேசையை அத்தனை அக்கறையாகத் துடைத்த வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

பொருள் வாங்க வருகிறவர்களிடம் அவர் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். நாங்கள் வாங்கப் போனபோதும் கேட்கவில்லை. ஒரு கட்டிலின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பெருமாளுக்குப் பத்து அவதாரம். இதுக்கு மூணு. இப்ப தடுப்பு வெச்ச தொட்டில். குழந்தை வளந்தா தடுப்ப எடுத்துட்டா கட்டில். பள்ளிக்கூடம் போச்சுன்னா தூக்கி நிறுத்தினா படிக்கிற மேஜை. பொண்ணு காலேஜ் போறவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு அந்தக் கட்டில் பகட்டுக்காக வேண்டியிருக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் நம் வீடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முன்னறை முழுக்கத் தறி. காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கத் தரையிலேயே குழி. அதற்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் இடம், அப்புறம் அடுப்படி. நிலா, நீ தவழ ஆரம்பித்திருந்த நேரம் அது. புடவைத் தூளியில் போட்டால் எழுந்து உட்கார்ந்து வெளியே சாய்ந்தாய். பாயில் விட்டால் நேரே குழிக்குத்தான் வந்தாய். காலையில் நான் நெய்வேன், உங்கள் அம்மா உன்னைப் பார்த்துக்கொள்வாள். மதியம் நீ தூங்கும்போது அம்மா தறியில் உட்காருவாள். அவளுக்குக் கிடைக்கிற நேரமே அந்த மதியம்தான். நான் அப்போது பாவு நூல் வாங்கவோ, நெய்த புடவையைக் கொடுக்கவோ வெளியே போய்விடுவேன். நீ விழித்து இறங்கிவிடாமல் இருக்க, நாலு பக்கமும் தடுப்பு உள்ள ஒரு கட்டில். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

அந்தத் தடுப்பில் ஒரு பக்கம் மட்டும் ஏற்றி இறக்குகிற மாதிரி இருந்தது. இறக்கிக் குழந்தையைத் தூக்கலாம், ஏற்றிக் கொண்டி மாட்டலாம். ஒரு மதியம் அம்மா நெய்துகொண்டிருக்கும்போது நீ எழுந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கொண்டி பிடுங்கிக்கொண்டு பலகையும் நீயும் சேர்ந்து கீழே விழுந்தீர்கள். உன் தாடைக்குக் கீழே இருக்கிற தழும்பு அதுதான். கதிர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மாதிரி பூனை பிறாண்டியது இல்லை. குழியிலிருந்து காலை எடுத்து ஏறி வருவதற்குள் உன் கழுத்தெல்லாம் ரத்தம் என்று அம்மா சொல்லுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

மறுநாள் அந்தப் பலகையைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். அன்றுதான் அவருடைய வேலையை முதன்முதலாகப் பார்த்தேன்.

உடைந்த பொருளை அவர் பார்க்கமாட்டார். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். யார் எதை எடுத்துக்கொண்டு வந்தாலும், "அத அப்படி ஓரமா வைங்க" என்பார். பிறகு நம்மை உட்காரவைத்து முகத்தைப் பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும். "எந்தத் தெரு? இன்னா தொழில்? வீட்ல யார் யாரு? குழந்தைக்கு இன்னா இன்னா பழக்கம்?" எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்பார். எவ்வளவு அக்கறையான மனிதர் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"வீட்ல தறிங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ளயேவா?"

"ஆமாங்க."

மஞ்சள் துணி நின்றது. "குழந்தை தூங்கசொல்லவும் ஓட்டுவீங்களா?"

அம்மா தலையாட்டினாள். அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "மரத்துக்கு வாய் கிடையாதும்மா. அதுக்காக நான் பேசுறேன். தறி ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் தரை அதிருது. தரை அதிர்ந்தா கட்டில் அதிருது. ஒரு நாள் பொறுக்கும், ரெண்டு நாள் பொறுக்கும். அதுவும் எத்தினி நாளைக்குத்தான் தாங்கும், பாவம்."

பாவம் என்று அவர் சொன்னது பலகையை. தாடையில் கட்டுப்போட்டுக்கொண்டு நீ அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் கிண்ணத்தை நீட்டி, "மிட்டாய் எடுத்துக்கோ கண்ணு" என்றார். வாயைத் திறக்க முடியாத குழந்தைக்குக் கல் மாதிரி ஒரு மிட்டாய்.

நாங்கள் அதை நம்பினோம். வேறு யாராவது என்றால் நம்பியிருக்கமாட்டார்கள். தறி வீட்டுக்காரர்களுக்குத்தான் அது சட்டென்று மனதில் இறங்கும். நம் வீட்டு அலமாரியில் டம்ளரை உள்ளே தள்ளி வைத்தாலும், நெய்ய நெய்ய அது நகர்ந்து விளிம்புக்கு வருகிறதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அடுத்த வீட்டில் தறி அடித்தால் நம் வீட்டுச் சுவரில் காலண்டர் ஆடும். டம்ளர் நகரும்போது ஸ்க்ரூ ஏன் கழலாது?

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தறியைப் பார்த்துக்கொண்டே, "நான் அடிச்ச அடிதான் அது" என்றாள்.

கடையிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் அதே கொண்டியை அதே ஓட்டையில் மாட்டி முறுக்கிவிட்டு, "தறிய கொஞ்சம் தள்ளி வெச்சு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தறி என்ன சைக்கிளா, தள்ளி வைப்பதற்கு.

அன்றிலிருந்து மதியத்தில் அம்மா தறியில் உட்காரவில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தக் கொண்டியைக் காவல் காத்தாள். நீயோ மதியத்தில் தூங்குவதை நிறுத்திவிட்டாய். புரள்வாய், சிணுங்குவாய், எழுந்து உட்காருவாய். விழுந்ததில் பயந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஆயா சொன்னார். தர்காவில் ஓதிக் கயிறு கட்டினோம். கோயிலில் விபூதி வாங்கிப் பூசினோம். கயிறும் விபூதியும் இருந்தன, தூக்கம்தான் வரவில்லை.

ஒரு கல்யாணப் புடவை தறியில் பாதியில் நின்றது. நெய்யக் கொடுத்த முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொண்டியோ மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. நானோ காலையில் நெய்வதை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். அங்கே சுவரோரம் ஒரு பெஞ்சு. குறை சொல்ல வருகிறவர்கள் காத்திருப்பதற்கு. குறை சொல்வதற்கென்றே பெஞ்சு போட்டு வைத்திருந்த கடை அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவரை நன்றாகப் படித்தேன்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அம்மா வருவார். பெருமாள் கோயில் பக்கத்துத் தெரு. அவருடைய பேரனுக்கும் இதே மூன்று அவதாரக் கட்டில்தான். அவருடைய முகத்தையும் பார்த்து, தெருவைக் கேட்டு, பழக்கங்களை விசாரித்தார் கடைக்காரர்.

"குழந்தைக்குத் தலைக்கு ஊத்தினா சாம்பிராணி போடுவீங்களா?"

"போடாம? சளி பிடிச்சுக்குமே."

"அங்கதாம்மா வந்து நிக்குது. சாம்பிராணிப் புகை பசைய இளக்கிடும். மரத்துக்கு வாய் கிடையாது. அதுக்காக நான் சொல்றேன்."

"அப்ப எங்க வீட்டுப் பூஜை அலமாரி ஏன் இளகல? தாத்தா காலத்துல இருந்து அதுக்குத் தினமும் புகைதான்" என்றார் அந்த அம்மா.

"அது தெய்வ காரியம்மா. அதுல நான் தலையிட முடியாது."

இந்தப் பதிலில் எங்கே அடிப்பது சொல்லுங்கள். வழவழவென்று எண்ணெய் தடவின மாதிரி இருக்கும்.

இன்னொருவர் ஓரிக்கையிலிருந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வெள்ளைவேட்டியோடு நேரே கடைக்கு வந்துவிடுவார். அவருக்குக் காரணம் பாலாறு. "பாலாத்தங்கரை வீடு. ஈரம் ஏறும் சார். மரம் ஊறிடும்" என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் இரட்டைக் குழந்தைகள்தான் காரணம். மாடி வீடு என்றால் மாடிக் காற்று. ஒரு தாத்தாவிடம் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் தறி இல்லை, புகை இல்லை, ஆறு இல்லை, குழந்தையும் ஒன்றே ஒன்று. கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரொம்பக் கொஞ்சுவீங்களோ?" என்று கேட்டார். அந்தத் தாத்தா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். அதோடு அவர் குறை முடிந்தது.

பாருங்கள், அவர் யாரையும் திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரர்கள் எதை நம்பி வாழ்கிறார்களோ, எதை ஆசையாகச் செய்கிறார்களோ, அதைத் தேடி எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புவார். வரும்போது உடைந்த பலகையோடு வருகிறவர்கள், போகும்போது பலகையோடு அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போவார்கள். திருடன் வந்தால்கூட வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் போவான். இவர் எதையோ வைத்துவிட்டுப் போகிற ஆள்.

பெஞ்சில் இருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டோம். அவர்கள் வீட்டில் ஏதோ கோளாறு, நம் வீட்டில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தோம்.

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா சொன்னாள். "தறிய எடுத்துடலாங்க. எங்க அண்ணன் வந்து பிரிச்சு எடுத்துக்கினு போயிடும். குழிய மூடிடலாம். நான் புடவைக் கடையில பிரிச்சுக் காட்டுற வேலைக்குப் போறேன்."

"நீ நெய்யறவ. போய் பிரிச்சுக் காட்டுவியா?"

"குழந்தைய விட தறி பெருசா?"

குழியை மூடிவிட்டால் அந்த வீட்டுக்கு மறுபடி தறி வராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். கொத்தனாரிடமும் சொல்லியாகிவிட்டது. உங்கள் மாமா, "அமாவாசை கழிச்சு மறுநாள் வந்து பிரிச்சுக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார். அம்மா அழவில்லை. பாதியில் நின்ற அந்தப் புடவையைத் தூசி படாமல் ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்தாள்.

அமாவாசையும் வந்தது. நம் தெருவில் அன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது, உங்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்கும். அன்று காக்காய் கத்துவதுதான் கேட்கும். படையல் போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தோம். நீ என் மடியில் இருந்தாய். அம்மா துவைத்த துணிகளைக் கொண்டுவந்தாள். உன் ஈரக் கவுன் ஒன்றை எடுத்து அந்தத் தடுப்புப் பலகையின்மேல் போட்டாள்.

பலகை விழுந்தது.

ஒரு கவுன். ஒரு வயதுக் குழந்தையின் கவுன் என்ன கனம் இருக்கும்?

அம்மா குனிந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"ஏங்க, இன்னிக்கு அமாவாசைதானே?"

"ஆமா."

"நேத்து?"

"நேத்தும் ஓட்டல. நீ மூடி வெச்சதுல இருந்து தொடவே இல்ல."

"இன்னிக்குப் பக்கத்துல?"

"தெருவுலயே ஒருத்தரும் ஓட்டலியே."

அவள் காதைத் தெருப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டாள். காக்காய் கத்தியது. பிறகு பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். இந்தத் தடவை புடவையில் சுற்றவில்லை. "புள்ளைய தூக்கிக்கினு வாங்க" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சில் ஓரிக்கைக்காரர் வெள்ளைவேட்டியோடு இருந்தார். சின்ன காஞ்சிபுரத்து அம்மாவும் இருந்தார். கடைக்காரர் வழக்கம்போலச் சிரித்தார்.

"வாங்கம்மா. அத அப்படி ஓரமா வைங்க."

உங்கள் அம்மா ஓரமாக வைக்கவில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"தறி ஓட்டாதீங்கன்னு சொன்னேனேம்மா."

"இன்னிக்கு அமாவாசைங்க. நாங்க தறிய தொடமாட்டோம். எங்க தெருவே தொடாது. சும்மா இருந்ததுங்க, தானா வுழுந்துச்சு."

வேறு யாராவது என்றால் ஒரு நொடியாவது தடுமாறியிருப்பார்கள். இவர் துணியை மடித்தார். "நல்ல பழக்கம். விடாதீங்க. ஆனா அதிர்வுன்றது உள்ள தங்கும்மா. நம்ம உடம்புல வலி தங்குற மாதிரி. முன்ன அடிச்சது இன்னிக்கு வேலைய காட்டுது. மரத்துக்கு வாய்..."

"இருங்க" என்றாள் அம்மா. அவரை விட்டுவிட்டுப் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க வீட்ல தறி இருக்குதா?"

"தறி ஏதும்மா. நான் சாம்பிராணி போடுறேனாம்."

"அண்ணா, உங்களுக்கு?"

"எங்களுக்கு ரெண்டும் இல்லமா. பாலாறு இருக்குது. அதுல இருந்து ஈரம் ஏறுதாம்."

"ஆத்துல தண்ணி ஓடுதா?"

"மணலே இல்ல. தண்ணிக்கு எங்க போறது?"

சின்ன காஞ்சிபுரத்து அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. "உங்களுது எந்த எடத்துல பிடுங்கிக்கிச்சு?" என்று கேட்டாள்.

ஓரிக்கைக்காரர் தன் பையிலிருந்து பலகையை எடுத்தார். அந்த அம்மா தன் துணிமூட்டையைப் பிரித்தார். மூன்றும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மூன்றிலும் இறக்குகிற பக்கம், கொண்டி இருந்த இடம், ஒரே மாதிரி குழிவு. மூன்று வீட்டிலும் மூன்று பூச்சி ஒரே இடத்தில் கடித்த மாதிரி.

கடையின் நடுவில் பார்வைக்காக அதே கட்டில் ஒன்று நின்றது. ஓரிக்கைக்காரர் எழுந்து போய் அதன் பக்கப் பலகையை இறக்கினார்.

"சார், அது டிஸ்ப்ளே. கை வைக்கக் கூடாது."

"குழந்தைய தூக்கணும்னா இறக்கித்தானே ஆவணும்" என்று சொல்லி ஏற்றினார். மறுபடி இறக்கினார், ஏற்றினார். வேகமாக இல்லை. நாம் வீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படி. கொஞ்ச நேரம் இதையே செய்துகொண்டிருந்தார். பிறகு கொண்டி அவர் கையோடு வந்துவிட்டது. ஓட்டையிலிருந்து மஞ்சள் தூள் ரவை மாதிரி தரையில் கொட்டியது. மேலே மரக்கோடு போட்ட தாள் ஒட்டி, உள்ளே தூளை அழுத்தி வைத்திருந்தார்கள். இத்தனை நாளும் மரத்துக்கு வாய் இல்லை என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தாரே, அதில் மரமே இல்லை.

அப்போதுதான் அவர் உடைந்த பொருள் ஒன்றைப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன இருந்தாலும் மனிதர்தானே, இப்போதாவது தலை குனிவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்கு இருந்தது.

அவர் மெதுவாகக் கண்ணைத் தூக்கினார். ஓரிக்கைக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"சார் இன்னா வேலை பாக்குறீங்க?"

சின்ன காஞ்சிபுரத்து அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்கள் அம்மாவும் சிரித்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். நீயும் எதற்கென்று தெரியாமல் கையைத் தட்டினாய். கடைக்காரரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்புறம் ஓரிக்கைக்காரர் முன்னால் நின்று, நாங்கள் எல்லோரும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனோம். அங்கேயும் அவர், "ஐயா, இவங்க வீட்ல பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். "வீடு இருக்கட்டும். கட்டிலைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். கட்டிலைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு நஷ்ட ஈடு கொடுத்தார். கடையையும் கொஞ்ச நாளில் மூடிவிட்டார். பிறகு தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்பதாகக் கேள்விப்பட்டேன். "குடத்த எங்க வெக்கிறீங்க?" என்று எந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

பேருந்து நிலையத்தில் அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பாருங்கள், இத்தனை வருடம் கழித்தும் வீட்டில் தறி இருப்பது நினைவில் இருக்கிறது. உன் தாடையை அவர் பார்க்கவே இல்லை, நிலா. நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய்.

அவர் கதை அவ்வளவுதான். ஆனால் அமாவாசைக்கு மறுநாளை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மாமா காலையிலேயே கயிறும் கருவிகளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா அவருக்கு இட்லி வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கிருந்து பிரிக்கிறது?" என்றார்.

"போய்ட்டு வாண்ணா" என்றாள் அம்மா.

"இன்னாடி இது, வரச்சொல்லிட்டு?"

"இட்லிக்குத்தான் வரச்சொன்னேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். கொத்தனாருக்கும் சொல்லி அனுப்பினோம்.

மதியம் அம்மா வெள்ளைத் துணியை எடுத்துவிட்டுக் குழிக்குள் காலை விட்டாள். அந்தக் கட்டிலில் இனி உன்னைப் போடுவதாக இல்லை. உன்னைச் சுவரோரம் பாயில் போட்டு, குழிக்கும் உனக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். அன்று தடுப்புப் பலகை நான்தான். நீ வழக்கம்போலப் புரண்டாய், சிணுங்கினாய். அம்மா குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தாள். தூங்குகிற வீட்டில் சத்தம் போட்டுவிடக் கூடாது என்பது போல முதல் அடியை மெல்ல அடித்தாள். நீ அவள் பக்கம் தலையைத் திருப்பினாய். இரண்டாவது அடி கொஞ்சம் பலமாக விழுந்தது. அப்புறம் கை தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. தரை அதிர்ந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அதிர்வு ஏறியது.

நீ தூங்கிவிட்டாய்.

பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில் தூங்கின குழந்தை. அதை நிறுத்திவிட்டு, ஏன் தூங்கவில்லை என்று கயிறு கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

சாயங்காலம் வரைக்கும் தூங்கினாய். நடுவில் அலமாரியிலிருந்த ஒரு டம்ளர் மெதுவாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. எழுந்தால் நீ குழிப் பக்கம் புரண்டுவிடுவாயோ என்று நான் எழவில்லை. அது விழுந்து உருண்டு அடுப்படி வரைக்கும் போனது. நீ அசையவில்லை. அம்மா நெய்வதை நிறுத்தி, டம்ளர் போன திசையைப் பார்த்தாள்.

"இது தறிதான்" என்றாள். குழியிலிருந்து ஏறிப் போய் அதை எடுத்துத் துடைத்து, அலமாரியில் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.